ஓநாய் கறி தின்பதில்லை

ஞாயிற்றுக்கிழமை காலை சிக்கன் கடையில் வரிசை நிற்கும். அரைக் கிலோ, ஒன்றரைக் கிலோ என்று குரல்கள் போய்க்கொண்டிருக்கும்போதே ஒருவர் சற்றுத் தயங்கி, “பாய், நாய்க்குக் கொஞ்சம் போடுங்க” என்பார். பாய் தராசில்கூட வைக்காமல் கழுத்து நாலைந்து, கால் ஐந்தாறு, தோல், ஈரல் என்று ஒரு கவரில் அள்ளிப் போட்டுக் கொடுப்பார். அந்தக் கவர் வீட்டுக்குப் போனதும் என்ன ஆக வேண்டும் என்பதுதான் இன்று நாம் உட்கார்ந்து பேசப்போகிற விஷயம். மஞ்சள்தூள் போட்டு வேகவைத்துச் சோற்றில் பிசைந்து வைப்பது நம் வீடுகளின் வழக்கம். இப்போது அதை அப்படியே பச்சையாகத் தட்டில் வைக்கிறவர்கள் கூடிவருகிறார்கள். ஏன் என்று கேட்டால், “ஓநாய் என்ன அடுப்பு மூட்டியா சாப்பிடுது?” என்று பதில் வரும்.

நல்ல கேள்வி. டீ ஆறுவதற்குள் பதில் சொல்லி முடிக்கக்கூடியதும் இல்லை. இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்குவோம்.

நாய்க்கென்று தயாரித்து விற்கும் தீனி வந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. 1860களில் லண்டனில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர், மாவும் காய்கறியும் இறைச்சியும் சேர்த்துச் சுட்ட பிஸ்கட்டை நாய்களுக்காக விற்க ஆரம்பித்தார். இன்று கடையில் தொங்கும் உலர் தீனிப் பாக்கெட்டுகளுக்கு அதுதான் முன்னோடி. அதற்கு எதிர்க்குரல் ஆஸ்திரேலியாவிலிருந்து எழுந்தது. இயான் பில்லிங்ஹர்ஸ்ட் என்ற கால்நடை மருத்துவர், ‘உங்கள் நாய்க்கு ஓர் எலும்பு கொடுங்கள்’ என்று பொருள்படும் தலைப்பில் 1993இல் ஒரு புத்தகம் எழுதினார். பச்சை இறைச்சி ஒட்டிய எலும்பு, உள்ளுறுப்புகள், கொஞ்சம் காய்கறி, இதுதான் நாயின் உடம்புக்கு ஏற்ற உணவு என்பது அவர் வாதம். அதே நாட்டின் இன்னொரு மருத்துவர் டாம் லான்ஸ்டேல், பச்சை எலும்பைக் கடித்துக் கிழித்துத் தின்னும் நாய்க்குப் பல்லும் ஈறும் சுத்தமாக இருக்கும் என்பதை முன்வைத்து 2001இல் எழுதினார். ‘பார்ஃப்’ என்ற சுருக்கப் பெயரில் இந்த முறை உலகம் முழுக்கப் பரவியது.

கவனித்தீர்களா, பில்லிங்ஹர்ஸ்ட் புத்தகத்தின் தலைப்பிலேயே எலும்பு இருக்கிறது. இந்த யோசனை ஊர் ஊராக, வாய் வாயாகக் கடந்து நம்மிடம் வந்து சேர்ந்தபோது எலும்பு வழியிலேயே எங்கோ விழுந்துவிட்டது. கறி மட்டும் வந்து சேர்ந்தது. பச்சை உணவு என்றால் பச்சைக் கறி என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். நாம் இன்று அதிக நேரம் நிற்கப்போவது இந்த ஓர் இடத்தில்தான்.

ஓநாய் கறி தின்பதில்லை. ஓநாய் வெளிமானைத் தின்கிறது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம். மானை வீழ்த்திய ஓநாய்க் கூட்டம் வயிற்றைக் கிழித்து ஈரலையும் இதயத்தையும் நுரையீரலையும் எடுத்துக்கொள்ளும். தொடைச் சதையைப் பிய்க்கும். விலா எலும்புகளைச் சதையோடு சேர்த்து நொறுக்கும். தோலும் மயிரும்கூட உள்ளே போகும். இரைப்பைக்குள் இருக்கும் புல்லை உதறிவிட்டுப் பையின் சுவரை மட்டும் தின்னும். கடைசியில் மண்டையோடும் கனத்த கால் எலும்புகளும் கொஞ்சம் தோலும்தான் கிடக்கும். நாம் வாங்கிவரும் எலும்பில்லாத சிக்கன் இந்த மொத்த விருந்தில் ஒரு பதார்த்தம் மட்டுமே.

மற்றப் பதார்த்தங்கள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? எங்கள் பக்கத்து வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே ஒரு லாப்ரடார் குட்டி வந்தது, ஜூலி என்று பெயர். அந்த வீட்டுத் தம்பிக்கு அதன்மேல் உயிர். தான் சாம்பார் சாதம் சாப்பிட்டாலும் ஜூலிக்குத் தினமும் எலும்பில்லாத நெஞ்சுக்கறி. “எலும்பு தொண்டையில மாட்டிக்கும்னு சொன்னாங்க சார், அதான் சுத்தமான கறியா வாங்கிக் கொடுக்கறேன்” என்றார். நாலு மாதம் ஆனபோது ஜூலி மாடிப்படி ஏற மறுத்தது. தூக்கினால் கத்தியது. முன்னங்கால்கள் அடைப்புக்குறிபோல வெளிப்பக்கம் வளையத் தொடங்கியிருந்தன. எக்ஸ்ரே எடுத்தார்கள். அந்தப் படத்தை நானும் பார்த்தேன். எலும்பு பளிச்சென்று வெள்ளையாகத் தெரிய வேண்டிய இடத்தில், தண்ணீரில் கரைத்த சுண்ணாம்பால் கோடு இழுத்ததுபோல மங்கலாக இருந்தது. ஒரு காலில் மெல்லிய முறிவு. குட்டி எங்கும் விழவில்லை, யாரும் மிதிக்கவில்லை. நடந்ததே போதுமானதாக இருந்திருக்கிறது.

அந்தத் தம்பி அழுதார். குறை வைக்காமல் செலவு செய்தவர், நல்ல கறியாகத் தேர்ந்து வாங்கியவர். எங்கே பிழை நடந்தது என்று அவருக்குப் புரிய வேண்டும், நமக்கும் புரிய வேண்டும். அதற்கு ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

உடம்புக்குக் கால்சியம் வேண்டும், பாஸ்பரஸும் வேண்டும். கால்சியம் என்பது நாம் சுண்ணாம்புச்சத்து என்று சொல்வதுதான். பாஸ்பரஸ் அதோடு சேர்ந்து எலும்பைக் கட்டுகிற கூட்டாளி. இட்லி மாவுக்கு அரிசியும் உளுந்தும் ஓர் அளவில் சேர்ந்தால்தான் மாவு பொங்கும் அல்லவா, அதுபோல இவை இரண்டும் ஓர் அளவில் சேர வேண்டும். நாய்க்கு அந்த அளவு, ஒரு பங்கு பாஸ்பரஸுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு கால்சியம். இப்போது எலும்பில்லாத கோழிக்கறியை எடுத்துக்கொள்வோம். 100 கிராம் கறியில் பாஸ்பரஸ் ஏறத்தாழ 200 மில்லிகிராம். கால்சியம் 10 மில்லிகிராம் அளவுதான். சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டியது இருபதில் ஒரு பங்காக இருக்கிறது. மட்டனிலும் மாட்டிறைச்சியிலும் கதை இதேதான். சதை என்ற பொருளின் இயல்பு அது. விலங்கு தன் கால்சியத்தையெல்லாம் எலும்பில் சேர்த்து வைக்கிறது, சதையில் வைப்பதில்லை.

கால்சியம் குறைந்தால் உடம்பு சும்மா இருக்காது. இதயம் துடிப்பதற்கும் தசை சுருங்குவதற்கும் இரத்தத்தில் எப்போதும் குறிப்பிட்ட அளவு கால்சியம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இதைக் காவல் காக்கக் கழுத்தில் நான்கு சின்னஞ்சிறு சுரப்பிகள் இருக்கின்றன. பாராதைராய்டு என்று பெயர். அந்தக் காலத்துப் பண்ணை வீடு ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எலும்புதான் நெற்குதிர். இரத்தம் அன்றாடச் சமையலுக்கு அளந்து வைத்த அரிசிப் பானை. பாராதைராய்டு அந்த வீட்டுக் கணக்குப்பிள்ளை. பானையில் அரிசி குறைந்தால் கணக்குப்பிள்ளை குதிரைத் திறந்து எடுத்துப் போடுவார். வெளியிலிருந்து நெல் வந்து குதிர் மறுபடி நிறையும் என்ற நம்பிக்கையில்தான் எடுப்பார். நெல் வரவே இல்லை என்றால்? பானையைக் காலியாக விட அவரால் முடியாது. குதிரை வழித்துத் துடைத்துக்கொண்டே இருப்பார். வளரும் குட்டியின் குதிர் இன்னும் கட்டி முடிக்கப்படாதது. அதனால் அது முதலில் காலியாகிறது. முற்றிய நிலையில் தாடை எலும்பே வளைந்து கொடுக்கும். ரப்பர் தாடை என்றே மருத்துவர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதில் கொடுமையான இடம் ஒன்று உண்டு. இரத்தப் பரிசோதனை செய்தால் பெரும்பாலும் கால்சியம் சரியான அளவிலேயே காட்டும். பானை நிறைந்துதானே இருக்கிறது! ஜூலிக்கும் அப்படித்தான் வந்தது. எக்ஸ்ரேதான் குதிரின் நிலையைக் காட்டியது.

“தினமும் பால் ஊத்தறோமே, அதுல கால்சியம் இல்லையா?” என்று அந்த வீட்டு அம்மா கேட்டார். நம் எல்லோருக்கும் வருகிற சந்தேகம். அதையும் கணக்காகவே பார்ப்போம். நாளுக்கு அரைக் கிலோ எலும்பில்லாக் கறி தின்னும் நாயை எடுத்துக்கொண்டால், பாஸ்பரஸ் 1,000 மில்லிகிராம், கால்சியம் 50. ஒரு லிட்டர் பசும்பாலில் கால்சியம் ஏறத்தாழ 1,200 மில்லிகிராம். சரியாகிவிட்டதே என்று தோன்றும். ஆனால் அதே பாலில் பாஸ்பரஸும் 950 இருக்கிறது. கூட்டினால் கால்சியம் 1,250, பாஸ்பரஸ் 1,950. தராசு இன்னமும் தலைகீழாகத்தான் இருக்கிறது. அதற்குள் ஒரு லிட்டர் பாலைக் குடித்த நாய்க்கு வயிற்றுப்போக்கு வந்திருக்கும். பாலால் ஈடுகட்ட முடியாத பள்ளம் இது. பில்லிங்ஹர்ஸ்ட் எலும்பைத் தலைப்பில் வைத்தது இதனால்தான். நாய்க்கு எலும்பு நொறுக்குத் தீனி இல்லை, விளையாட்டுப் பொருளும் இல்லை. கறியோடு சேர்ந்தால்தான் சாப்பாடு முழுமையாகும் என்கிற மறுபாதி அது.

சரி, அப்படியென்றால் எலும்பு தொண்டையில் குத்தும், குடலைக் கிழிக்கும் என்று பெரியவர்கள் சொன்னது பொய்யா? பொய்யில்லை. அவர்கள் பார்த்தது வெந்த எலும்பு. பச்சை எலும்பும் வெந்த எலும்பும் பார்வைக்கு ஒன்று, உள்ளுக்குள் வேறு. எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தாதுப்பொருள், அதாவது கல் போன்ற பகுதி. மீதியில் பெரும்பங்கு கொலாஜன் என்ற நார்ப்புரதம். கிராமத்து மண்சுவரை நினைத்துப் பாருங்கள். வெறும் மண் காய்ந்தால் வெடித்து உதிரும் என்று வைக்கோலை நறுக்கிப் போட்டு மிதித்துக் குழைப்பார்கள். வைக்கோல் இழைகள் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். எலும்பில் கொலாஜன் செய்வது அந்த வைக்கோலின் வேலை. பச்சை எலும்பைக் கடித்தால் அது கொஞ்சம் வளைந்து, நசுங்கி, பிறகு உடைகிறது.

அந்த வைக்கோல் வெந்தால் எங்கே போகிறது என்பதை நம் அடுக்களையிலேயே பார்க்கலாம். ஆட்டுக்கால் பாயா வைத்து மிஞ்சியதை இரவு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுக் காலையில் எடுங்கள். கிண்ணத்தைச் சாய்த்தாலும் கொட்டாது. ஜெல்லியாக உறைந்து ஆடும். அந்த ஆட்டம் எல்லாம் தோலிலும் நரம்பிலும் எலும்பிலும் இருந்த கொலாஜன் சூட்டில் கரைந்து வெளியே வந்ததுதான். சூப்புக்குள் வந்த அளவுக்கு எலும்பிலிருந்து போய்விட்டது. வைக்கோல் உருவிய மண்சுவர் எப்படி உடையும்? கூர்கூராகச் சிதறும். பிரியாணிக் கோழியின் கால் எலும்பைக் கையால் ஒடித்துப் பாருங்கள், ஊசிபோல முனை நிற்கும். வறுத்ததும் சுட்டதும் இன்னும் மோசம். போதாததற்கு அதில் ஊறியிருக்கும் வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை. சாப்பிட்ட தட்டின் எலும்பை நாய்க்குப் போடும் அன்பை நாம் கைவிட்டுத்தான் ஆக வேண்டும்.

இதன் மறுபக்கத்தையும் வீட்டுப் பிள்ளைகளோடு செய்து பார்க்கலாம். கழுவிய கோழிக்கால் எலும்பு ஒன்றை வினிகரில் மூழ்கப் போட்டு, ஓரிரு நாளுக்கு ஒருமுறை வினிகரை மாற்றுங்கள். சில நாட்களில் அமிலம் தாதுவைக் கரைத்துவிடும். எடுத்து வளைத்தால் ரப்பர்போல வளையும். எங்கள் வீட்டில் என் பேத்தி அதை முடிச்சுப் போடவே முயன்றாள். வினிகரில் இருந்து வந்தது மண் போய் வைக்கோல் மட்டும் நிற்கும் எலும்பு. ஜூலியின் கால்கள் வளைந்ததும் இப்படித் தாது குறைந்ததால்தான்.

பச்சை எலும்பு என்றால் எல்லாம் ஒன்றா என்றால், இல்லை. பல்லடம் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து வரும் பிராய்லர் கோழி ஆறு வாரம்போல வளர்ந்தது. அதன் எலும்பு முற்றியிருக்காது. கழுத்து எலும்பு சின்னச் சின்னக் கண்ணிகளாக, மென்மையாக இருக்கும். ஒரு வருஷம் மேய்ந்த நாட்டுக்கோழியின் கால் எலும்பு அப்படியல்ல. மாட்டுத் தொடை எலும்பும் ஆட்டு நல்லியும் இன்னும் கடினம். நாயின் மேல்தாடையில் பக்கவாட்டில் பெரிய பல் ஒன்று இருக்கிறது. கீழ்ப்பல்லோடு சேர்ந்து கத்தரிக்கோல் மாதிரி இறைச்சியை வெட்டுவது அதுதான். கல்போன்ற எலும்பை அந்தப் பல்லால் கடிக்கும்போது பல்லின் வெளிப்பக்கம் சில்லுசில்லாகப் பெயர்ந்து, உள்ளே நரம்பு தெரியும். வலியோடே அந்த நாய் மாதக்கணக்கில் தின்றுகொண்டிருக்கும், வீட்டாருக்குத் தெரியவே தெரியாது. கட்டைவிரல் நகத்தை அழுத்தினால் தடம் பதியாத எதையும் நாய் கடிக்கக் கொடுக்க வேண்டாம் என்று பல் மருத்துவம் பார்க்கும் கால்நடை மருத்துவர்கள் சொல்வது நல்ல அளவுகோல். வட்டமாக வெட்டிய நல்லி எலும்பு கீழ்த்தாடையில் வளையம்போல மாட்டிக்கொண்டு, அறுத்து எடுக்க வேண்டி வருவதும் உண்டு.

அடுத்தது கிருமி. பச்சை உணவைப் பற்றிய சண்டையெல்லாம் இங்கேதான் நடக்கிறது. ஆதரிப்பவர்கள், நாயின் வயிற்று அமிலம் வலுவானது, அதன் குடல் நம்முடையதைவிடக் குட்டையானது, கெட்டுப்போனதைத் தின்றும் தெருநாய் நன்றாகத்தானே இருக்கிறது என்பார்கள். பெரும்பாலும் உண்மைதான். பச்சைக் கோழியில் சால்மொனெல்லாவும் கேம்பிலோபாக்டரும் சாதாரணமாக இருப்பவை. நமக்குக் காய்ச்சலும் கடும் வயிற்றுப்போக்கும் தருகிற கிருமிகள். அவற்றைத் தின்ற நாய் பல நேரம் எந்தக் குறியும் காட்டாது. ஆனால் அந்தக் கிருமி அதன் மலத்தில் நாட்கணக்கில் உயிரோடு வெளியேறிக்கொண்டிருக்கும். நாய் தன்னை நக்கும், பிறகு குழந்தையின் முகத்தை நக்கும். ஆகவே, நாய்க்கு ஒன்றும் ஆகவில்லையே என்பது பாதிக் கேள்விக்கான பதில்தான். மீதிப் பாதி, அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பது. கைக்குழந்தை, கர்ப்பிணி, எழுபது வயதைத் தாண்டியவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் இருந்தால் விடை மாறிவிடுகிறது. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012இல் பச்சை இறைச்சித் தீனியை ஊக்குவிக்க வேண்டாம் என்று முடிவெடுத்ததற்கு இதுவே முக்கியக் காரணம்.

நாய்க்கு ஒன்றுமே ஆகாது என்றும் சொல்லிவிட முடியாது. மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் ஒரு தொடர்பைக் கண்டு எழுதினார்கள். பின்னங்கால்களில் தொடங்கி உடம்பு முழுக்கத் தளர்ந்துபோகும் ஓர் அரிய நரம்பு நோய் உண்டு. அது வந்த நாய்களிடம் கேம்பிலோபாக்டர் கிருமி மற்ற நாய்களைவிடப் பல மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. பச்சைக் கோழிக்கறி அதற்கு வழியாக இருக்கலாம் என்று கருதி, குறிப்பாகக் கோழிக் கழுத்தைப் பற்றி எச்சரித்தார்கள். கழுத்து தின்னும் நாய்க்கெல்லாம் வருவதில்லை. ஆனாலும் தெரிந்து வைத்திருக்க வேண்டியது.

ஃபிரீசரில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும் என்று நினைப்பவர்கள் நிறைய. கொசு, மழையில்லாத மாதங்களில் காணாமல் போய், நாலு தூறல் விழுந்ததும் வருகிறதே, பாக்டீரியாவும் அப்படித்தான். உறைந்தால் தூங்கும், இளகினால் எழும். நம் ஊர்ச் சூட்டில் வெளியே வைத்து இளக்கினால் சில மணி நேரத்தில் பெருகிவிடும். ஃபிரீசர் கொல்வது சில ஒட்டுண்ணிகளை.

ஒட்டுண்ணி என்றதும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆட்டு நுரையீரலிலும் ஈரலிலும் சில சமயம் நீர்க்கட்டிகள் இருக்கும். அதற்குள் இருப்பது ஒருவகை நாடாப்புழுவின் குஞ்சுகள். அதைப் பச்சையாகத் தின்ற நாயின் குடலில் அரிசிமணி அளவுகூட வளராத புழுக்கள் ஆயிரக்கணக்கில் உண்டாகும். நாய் கொழுகொழுவென்று இருக்கும். அதன் மலத்தில் வரும் முட்டை மனிதர் வயிற்றுக்குள் போனால் ஈரலிலோ நுரையீரலிலோ கட்டி வளரும், வருஷக்கணக்கில் சத்தமில்லாமல். ஆடு வளர்ப்பு மிகுந்த நியூசிலாந்து இதனால் மிகவும் அவதிப்பட்டது. 1959இல் இதற்கென்றே சட்டம் போட்டு, பச்சை உள்ளுறுப்புகளை நாய்க்குப் போடுவதைத் தடுத்து, நாய்களுக்கு முறையாகப் புழு மருந்து கொடுத்து, 2002இல்தான் நோய் நீங்கியதாக அறிவிக்க முடிந்தது. நம் நாட்டில் இந்தப் புழு இன்னும் இருக்கிறது. ஆகவே ஆட்டு ஈரல், நுரையீரல், சுவரொட்டி எதுவானாலும் நன்றாகக் கொதித்த பிறகே நாய்க்கு. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இப்போது ஓநாய்க்குத் திரும்புவோம், ஏனென்றால் கேள்வி அங்கேதானே தொடங்கியது. நாய் ஓநாய் வழி வந்ததுதான். ஆனால் அப்படியே ஓநாயாக நின்றுவிடவில்லை. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் அக்செல்சன் குழுவினர் 2013இல் ஓநாய்களின் மரபணுவையும் நாய்களின் மரபணுவையும் ஒப்பிட்டார்கள். மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் என்ற செரிமான நொதிக்கான மரபணுவின் இரண்டு பிரதிகள் ஓநாயிடம் இருந்தன. நாயிடம் நான்கு முதல் முப்பது வரை. ஒரே சமையல் குறிப்பை முப்பது முறை எழுதி வைத்ததுபோல. மனிதன் பயிர் செய்து தின்ற இடங்களில் அவன் மிச்சத்தைத் தின்று கூடவே வளர்ந்த பிராணி தன் குடலை மாற்றிக்கொண்டிருக்கிறது. வயல் இல்லாத பனிநாட்டு ஹஸ்கி போன்ற நாய்களிடம் இந்தப் பிரதிகள் குறைவு. நம் தெருவில் சோற்றையும் இட்லியையும் தின்று நாலு தலைமுறை கண்ட நாய்களைப் பார்த்தால் இது ஆச்சரியமாகவே இராது. வெந்த சோறு நாய்க்கு விஷம் என்பதை நம்ப வேண்டாம். சோறு மட்டுமே போதும் என்பதையும்தான்.

எலும்பைச் சேர்த்துவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? பச்சை உணவுக்காரர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு, சதை எண்பது பங்கு, எலும்பு பத்து, ஈரல் ஐந்து, மற்ற உள்ளுறுப்பு ஐந்து. இருபது கிலோ எடையுள்ள நாய்க்கு நாளுக்கு அரைக் கிலோ தீனி என்றால் எலும்பு 50 கிராம். கோழிக் கழுத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எலும்பு. ஆக 150 கிராம் கழுத்து, நாலைந்து வரும். ஈரல் 25 கிராம். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம். சின்னத் துண்டுதான், கூட்டினால் அதுவே கேடு. இவ்வளவு செய்தும் துத்தநாகம், மாங்கனீஸ், அயோடின், வைட்டமின் ஈ, டி ஆகியவை குறைந்துபோகும். நமக்கு வெயில் தரும் வைட்டமின் டியை நாயின் தோல் போதிய அளவு உண்டாக்காது. அதற்குச் சாப்பாடுதான் வழி. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 2013இல் வீட்டில் செய்யும் நாய் உணவுக் குறிப்புகள் 200ஐச் சோதித்தபோது, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தில் ஏதாவது ஒரு சத்தாவது போதாமல் இருந்தது. பச்சை, வேகவைத்தது என்ற பேதமில்லாமல் வீட்டுச் சமையலுக்கே பொதுவான குறை இது.

என் வீட்டில் நான் வேகவைத்தே கொடுக்கிறேன். தொண்ணூறை நெருங்கும் அம்மாவும் சின்னப் பேத்தியும் இருக்கும் வீடு, ஒரே ஃபிரிட்ஜ். எலும்புக்குப் பதில் முட்டை ஓடு. ஓட்டைக் கழுவிக் கொதிக்கவைத்து, வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து, மிக்ஸியில் விரலுக்கு நெருநெருவென்று தட்டாத அளவு மாவாக அரைத்து ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன். ஒரு டீஸ்பூனில் 2 கிராம்போலக் கால்சியம் இருக்கும். அரைக் கிலோ எலும்பில்லாக் கறிக்கு அரை டீஸ்பூனுக்குச் சற்று மேல் போட்டால் நாம் மேலே போட்ட தராசு நேராகிவிடும். எலும்போடுதான் என்றால் பிராய்லர் கழுத்தைக் குக்கரில் வெகுநேரம் விட்டு, இரண்டு விரலால் நசுக்கினால் மாவாகும் பதத்தில் எடுக்கலாம். மசிந்த எலும்பில் கூர்முனை நிற்காது. வாரத்துக்கு ஒருமுறை முட்டையும் வெந்த மீனும் சேர்க்கிறேன். மற்றச் சத்துகளுக்கு மருத்துவர் அளந்து சொன்ன பொடி.

குட்டிகளுக்கு மட்டும் இப்படிக் கைக்கணக்கு வேண்டவே வேண்டாம். கால்சியம் குறைந்தால் ஜூலிக்கு ஆனதுதான். ஆனால் கூடினாலும் ஆபத்து. ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டியின் குடலுக்கு அதிகமாக வரும் கால்சியத்தைத் தடுத்து நிறுத்தத் தெரியாது. கிரேட் டேன் போன்ற பெருநாய்க் குட்டிகளுக்கு அதுவே எலும்புக் கோளாறாகிவிடும். குட்டிகளுக்கான பாக்கெட் தீனியையும் கொடுத்து, அதன்மேல் கால்சியம் சிரப்பையும் ஊற்றுகிற வீடுகளைப் பார்க்கிறேன், பதறுகிறது. ஜூலிக்கு மருத்துவர் சொன்னது இரண்டே: ஆறு வாரம் கூண்டை விட்டு இறங்காத ஓய்வு, குட்டிகளுக்கான சமச்சீர்த் தீனி. நொண்டல் போய்விட்டது. இடது முன்னங்காலில் மெல்லிய வளைவு மட்டும் நின்றுவிட்டது.

இவ்வளவுக்குப் பிறகும் வளர்ந்த நாய்க்குப் பச்சையாகவே கொடுப்பது என்று முடிவெடுத்தால், கறியை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் மூடிவைத்து இளக்குங்கள். எவர்சில்வர் தட்டு, தனிக் கத்தி, தனிப் பலகை. இருபது நிமிடத்தில் தின்னாததை எடுத்துவிடுங்கள், சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள். அவசரமாக முழுங்கும் நாயானால் கழுத்தின் ஒரு முனையை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள், கடித்துத்தான் தின்னும். மூன்று மாதத்துக்கொருமுறை புழு மருந்து. பிறகு தினமும் காலையில் நாயின் மலத்தைப் பாருங்கள். கொடுத்தது சரியா என்று அது சொல்லும். வெள்ளையாக, சுண்ணாம்புக்கட்டிபோல உதிர்ந்தால், நாய் முக்கிச் சிரமப்பட்டால், எலும்பு கூடிவிட்டது, மறுநாள் கழுத்தில் ஒன்றைக் குறையுங்கள். கறுத்து இளகிக் களிபோல இருந்தால் எலும்பு குறைவு, இல்லாவிட்டால் ஈரல் அதிகம். பழுப்பு நிறத்தில், உருண்டையாக, கையில் ஒட்டாமல் எடுக்க வந்தால் அந்த அளவை ஒரு தாளில் குறித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். வீட்டில் வேறொருவர் தீனி வைக்கும் நாளில் அது உதவும்.